புறா இரண்டு பக்கமும் ஒரே இறகை உதிர்க்கிறது: நோயா, கணக்கா?

#1 கூண்டுக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். நாலு ஜோடிப் புறா வைத்திருக்கிறேன். புத்தகம் படித்துக் கற்றதில்லை, பார்த்துப் பழகியதுதான். நேற்றுக் காலை கூண்டைக் கூட்டும்போது ஒரு பெரிய சிறகிறகு கிடந்தது. சாயங்காலம் இன்னொன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றுக்கொன்று நிழல் மாதிரி இருக்கிறது. ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம். ஒரே நீளம், ஒரே வளைவு. சாம்பல் ஆணைப் பிடித்துச் சிறகை விரித்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே இடத்தில்தான் இடைவெளி.

இறகு கொட்டும் பருவம் ஒன்று உண்டு என்பது தெரியும். ஆனால் இப்படி அளந்து வைத்தாற்போல் எப்படி விழும்? ஒருவர் சத்துக் குறைவு என்கிறார், ஒருவர் பேன் என்கிறார், ஒருவர் மீதி இறகையும் பிடுங்கிவிட்டால் எல்லாம் ஒன்றாக முளைத்துவிடும் என்கிறார். இதையெல்லாம் யாராவது ஒழுங்காக ஆராய்ந்திருக்கிறார்களா?

#2 அரைகுறை

வெயில் ஏறினால் எல்லாம் கொட்டத்தான் செய்யும் அண்ணே. என் தலையைப் பாருங்கள். என்ன, எனக்கு இரண்டு பக்கமும் சமமாகக் கொட்டவில்லை.

#3 வளையக்காரி

முதலில் ஒன்று: பிடுங்க வேண்டாம். தயவுசெய்து.

நான் பறவைகளுக்குக் கால்வளையம் போடும் ஒரு குழுவில் வேலை பார்க்கிறேன். வலையில் சிக்கும் ஒவ்வொரு பறவையின் சிறகையும் விரித்து இறகு நிலையைக் குறிப்பது எங்கள் அன்றாட வேலை. நீங்கள் சொல்வது நோய் இல்லை, நல்ல ஆரோக்கியத்தின் அடையாளம். நோயோ பேனோ என்றால் திட்டுத்திட்டாக, ஒழுங்கில்லாமல் போகும். இரண்டு பக்கமும் ஒரே இறகு போனால் உடம்பு தானாகத் திட்டமிட்டுச் செய்கிறது என்று அர்த்தம். ஒரு பக்கம் மட்டும் பலம் குறைந்தால் பறப்பது கோணலாகிவிடும் இல்லையா?

நீங்கள் எனக்கு ஒரு உதவி செய்யுங்கள். சிறகின் நுனிப்பக்கம் பெரிய இறகுகள் பத்து இருக்கும். மணிக்கட்டு மாதிரி மடங்கும் இடத்திலிருந்து வெளியே போகப் போக 1, 2, 3 என்று எண்ணுங்கள். பத்தாவது கடைசி, வெளி ஓரம். ஒவ்வொன்றும் பழசா, புதுசா, பாதி வளர்ந்ததா என்று எழுதிப் போடுங்கள். பழசு மங்கி, ஓரம் தேய்ந்து இருக்கும். புதுசு பளபளவென்று இருக்கும்.

#4 கூண்டுக்காரன்

பார்த்துவிட்டேன். 1, 2, 3 புதுசு. நாலாவது கிட்டத்தட்ட பாதிக்கு மேல் வளர்ந்திருக்கிறது, அடியில் மெழுகுக் குழாய் மாதிரி ஒரு உறை. ஐந்தாவது இடம் காலி, உற்றுப் பார்த்தால் கறுப்பாக ஒரு முளை. 6 முதல் 10 வரை பழசு. வலப்பக்கமும் அப்படியே.

#5 வளையக்காரி

அருமை. உங்கள் புறாவின் மதிப்பெண் 19.

எப்படி என்றால், பழைய இறகுக்கு 0. விழுந்து போனது அல்லது வெறும் முளைக்கு 1. மூன்றில் ஒரு பங்கு வரை வளர்ந்தால் 2. மூன்றில் இரண்டு பங்கு வரை 3. அதற்கு மேல், ஆனால் அடியில் இன்னும் உறை ஒட்டியிருந்தால் 4. முழுசாக முடிந்த புது இறகுக்கு 5. பத்து இறகுக்கும் சேர்த்து முழு மதிப்பெண் 50. உங்களுடையதில் மூன்று ஐந்து பதினைந்து, நாலாவதுக்கு 3, ஐந்தாவதுக்கு 1.

கேட்கச் சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் ஒரு இனத்தில் ஆயிரக்கணக்கான பறவைகளுக்கு இப்படிப் போட்டுத் தேதியோடு வைத்தால், அந்த இனம் எப்போது இறகு மாற்றத் தொடங்குகிறது, முடிக்க எத்தனை நாள் என்று கணக்கிட்டுவிடலாம். ஒவ்வொரு பறவையையும் ஒரே ஒரு முறை பிடித்திருந்தாலும் போதும். அதற்கான புள்ளியியல் முறையை அண்டர்ஹில், ஸுக்கினி என்ற இருவர் 1988-ல் கொடுத்தார்கள். இன்றும் அதைத்தான் சுற்றிச் சுற்றிப் பயன்படுத்துகிறோம்.

ஏன் பிடுங்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழைய இறகு விழுந்த பிறகு புதுசு முளைக்கிறது என்று நாம் நினைக்கிறோம். நடப்பது தலைகீழ். தோலுக்குள் இருக்கும் இறகுப்பையில் புதுசு வளரத் தொடங்கி, மேலே இருக்கும் பழசைத் தள்ளிவிடுகிறது. விழுவது விளைவு, முளைப்பதுதான் காரியம். வளரும் இறகுக்குள் ரத்தம் ஓடும். அதனால்தான் முளை கறுப்பாகத் தெரிகிறது. அது முறிந்தால் ரத்தம் கொட்டும். பழைய இறகைப் பிடுங்கினால் முளைக்கத்தான் செய்யும், ஆனால் இறகுப்பை கெட்டுப்போக வாய்ப்புண்டு, அப்புறம் அந்த இடத்தில் கோணல் இறகுதான். அதே சமயம், பாதியில் ஒடிந்த இறகு மட்டும் முளைக்காது. அடிக்கட்டை உள்ளேயே இருப்பதால் அடுத்த முறை வரும்வரை பறவை அதோடுதான் காலம் தள்ள வேண்டும்.

#6 அரைகுறை

சரி, வெயில் இல்லை என்கிறீர்களா?

#7 வளையக்காரி

வெயில் முதல் ஆள் இல்லை. பெரும்பாலும் பகல் நீளம்தான் கடிகாரம். அதிலும் ஒரு விசித்திரம். ஜெர்மனியில் எபர்ஹார்ட் க்வின்னர் வார்ப்ளர் வகைப் பறவைகளை வெளிச்சமும் வெப்பமும் மாறாத அறையில் வைத்துப் பார்த்தார். வெளியே என்ன பருவம் என்று தெரிய வழியே இல்லை. இருந்தும் வருடக்கணக்கில் அவை தம்பாட்டுக்கு இறகு மாற்றிக்கொண்டே இருந்தன. ஆனால் சுற்று சரியாகப் பன்னிரண்டு மாதத்தில் நிற்காமல் கொஞ்சம் கொஞ்சமாக நழுவியது. அதாவது கடிகாரம் உள்ளே இருக்கிறது, பகல் நீளம் அதைத் திருத்தி வைக்கிறது, அவ்வளவுதான்.

#8 அரைகுறை

அப்படியானால் கழுகு? நாற்பது வயதில் மலை உச்சிக்குப் போய், அலகைப் பாறையில் மோதி உடைத்து, நகத்தைப் பிடுங்கி, இறகையெல்லாம் பிய்த்துப் போட்டு, 150 நாள் காத்திருந்து, புதுசாக முளைத்து இன்னும் முப்பது வருடம் வாழும் என்பார்களே? எங்கள் குடும்பக் குழுவில் மாதம் ஒரு முறை வருகிறது.

#9 சட்டைக்காரி

வந்துவிட்டது கழுகு! இது வராமல் ஒரு இழையும் முடியாது போல.

#10 வளையக்காரி

பதில் சொல்லியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் இதையே யாராவது எடுத்துக்கொண்டு போவார்கள்.

பறவை 150 நாள் பட்டினி கிடந்தால் முளைப்பதற்கு இறகு இருக்கும், பறவை இருக்காது. இறகு முழுக்க முழுக்கக் கெரட்டின் என்ற புரதம், அதுவும் கந்தகம் உள்ள அமினோ அமிலம் நிறையக் கேட்கும் புரதம். சாப்பாடு இல்லாமல் அதை எங்கிருந்து செய்யும்? 1955-ல் ப்ராட்கோர்ப் என்பவர் ஒரு வெண்தலைக் கழுகின் இறகுகளை ஒன்று விடாமல் எண்ணினார். 7,182. மொத்த எடை 677 கிராம். எலும்புக்கூட்டின் எடை எவ்வளவு தெரியுமா? 272 கிராம். எலும்பைவிட இரண்டரை மடங்கு இறகு. அதை ஒரே மூச்சில் பிய்த்துவிட்டு ஒரே மூச்சில் செய்ய முடியாது என்பதற்காகத்தான் கழுகு ஒவ்வொன்றாக, ஆண்டுக்கணக்கில் மாற்றுகிறது. அதன் சிறகில் எப்போது பார்த்தாலும் போன வருடத்து இறகும் இந்த வருடத்து இறகும் கலந்தே இருக்கும். அலகும் நகமும் தேயத் தேய வளர்ந்துகொண்டே இருப்பவை, உடைத்து முளைக்க வைப்பவை அல்ல.

வயதும் தப்பு. காட்டில் வாழ்ந்த வெண்தலைக் கழுகுகளில், வளையத்தை வைத்து உறுதி செய்யப்பட்ட மிக மூத்தது 38 வயது. கதைப்படி அது மலைக்கே கிளம்பியிருக்காது.

#11 அரைகுறை

ஒரு நம்பிக்கைக் கதையை இப்படி ஒவ்வொரு இறகாகப் பிய்க்க வேண்டுமா? மனிதனுக்கு ஊக்கம் தருகிறதே.

#12 வளையக்காரி

ஊக்கம் எடுத்துக்கொள்ளுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. அறிவியல் பகுதியில் ஆதாரமாக மட்டும் வைக்காதீர்கள். அப்புறம், பட்டினி கிடந்து மொத்தமாக இறகு மாற்றும் பறவை ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. பெங்குவின். அதன் கதை உங்கள் கழுகைவிட நன்றாக இருக்கும்.

#13 அரைகுறை

சொல்லுங்கள். கழுகை மன்னித்துவிட்டேன்.

#14 வளையக்காரி

பெங்குவினுக்கு இறகு என்பது குளிருக்கான கோட்டு, தண்ணீர் புகாத கோட்டு. அதில் அங்கங்கே ஓட்டை விழுந்தால் கடலில் இறங்க முடியாது. ஆகவே ஒவ்வொன்றாக மாற்றும் வழி அடைபட்டுவிட்டது. என்ன செய்கிறது என்றால், முதலில் கடலில் கண்டபடி தின்று கொழுக்கிறது. அப்புறம் கரைக்கோ பனிப்பாறைக்கோ ஏறி நின்றுவிடுகிறது. மொத்த இறகையும் ஒரே வீச்சில் மாற்றும்வரை சாப்பாடு கிடையாது. பேரரசப் பெங்குவினுக்கு இது ஏறத்தாழ 34 நாள். உடம்பு எடையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் கரைந்துபோகும். அந்த நாட்களில் பார்த்தால் கிழிந்த மெத்தை மாதிரி நிற்கும்.

இதிலும் ஒரு நுணுக்கம். புது இறகு தோலுக்கு வெளியே வந்த பிறகும் பழசு அதன் நுனியில் ஒட்டிக்கொண்டே இருக்கும். புதுசு குளிரைத் தாங்கும் அளவுக்கு வந்தபின்தான் பழசு உதிரும். ஒரு நாள்கூட வெறும் உடம்பு கிடையாது.

வாத்து, அன்னம் இவையெல்லாம் நடுவழி. பறக்கும் இறகை மட்டும் ஒரே சமயத்தில் கொட்டிவிட்டுச் சில வாரம் பறக்காமலே தண்ணீரில் ஒதுங்கும். ஐரோப்பாவின் ஷெல்டக் வாத்துகள் இதற்கென்றே வட கடல் ஓரத்தில் உள்ள வாடன் கடலுக்குத் திரண்டு போகின்றன. இனப்பெருக்கத்துக்குப் போவதில்லை, குளிருக்குத் தப்பிப் போவதில்லை, இறகு கொட்டுவதற்காகவே ஒரு வலசை. பெண் இருவாச்சியோ இன்னும் கெட்டி. மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு அடைகாக்கும்போதே, பல இனங்களில், பறக்கும் இறகையும் வால் இறகையும் மொத்தமாகக் கொட்டிவிடும். ஆண் வெளியிலிருந்து ஊட்டும். எங்கும் பறக்க வேண்டியதில்லை என்றால் இறகு மாற்ற அதைவிட நல்ல நேரம் ஏது?

#15 சட்டைக்காரி

அக்கா, இதெல்லாம் பறவை. தலைப்பில் விலங்கு என்று இல்லை, ஆனாலும் நுழைகிறேன். பாம்பு மீட்புப் பணியில் இருக்கிறேன். எல்லோரும் பாம்பு வளர வளரச் சட்டை சின்னதாகி உரிக்கிறது என்பார்கள். குட்டிக்கு அது கொஞ்சம் பொருந்தும். ஆனால் வளர்ச்சி கிட்டத்தட்ட நின்றுபோன கிழட்டுப் பாம்பும் உரித்துக்கொண்டேதான் இருக்கிறது. காயம் பட்டால் இன்னும் சீக்கிரம் உரிக்கும். சட்டை சின்னதாவது காரணம் இல்லை, சட்டை நைந்துபோவதுதான் காரணம்.

ஒரு நல்லபாம்பை உரிக்கும்போது பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஒரு வாரத்துக்கு முன்பே நிறம் மங்கிவிட்டது. கண் பால் ஊற்றினாற்போல் வெளுத்துவிட்டது. பாம்புக்கு இமை கிடையாது, கண்மேல் ஒரு கண்ணாடிச் செதில், அதுவும் உரிய வேண்டும். பழைய தோலுக்கும் புதுத் தோலுக்கும் நடுவில் திரவம் சேர்வதால்தான் அந்த வெளுப்பு. அந்த நாட்களில் அதற்குச் சரியாகக் கண் தெரியாது, தொட்டதற்கெல்லாம் சீறும். அப்புறம் ஒருநாள் கண் மறுபடி தெளிவாகிவிட்டது. உரிக்கவே இல்லையே, எப்படி என்று குழம்பினேன். நாலு நாள் கழித்துத்தான் மூக்கைக் கல்லில் தேய்த்தது. உதட்டோரத்தில் தோல் பிரிந்தது. பிறகு காலுறையைக் கழற்றுவது போல உள்பக்கம் வெளியே வர முழுசாக ஊர்ந்து வெளியேறிவிட்டது. கையில் எடுத்த சட்டை பாம்பைவிட நீளம். செதில்களுக்கு இடையில் மடிந்திருந்த தோல் விரிந்துவிடுவதால் அப்படி. அதை அளந்துவிட்டு, வந்தது பெரிய பாம்பு என்று பயமுறுத்துகிறவர்கள் உண்டு.

உரித்த சட்டையிலிருந்து மரபணுவும் எடுக்கலாம். பாம்பைத் தொடாமலே ஆராய்ச்சி.

#16 பழையபேனா

ஒரு சொல்லைப் பற்றிப் பேச அனுமதி உண்டா? அறிவியல் நூல்களில் எல்லாவற்றுக்கும் ‘மோல்டிங்’ என்ற ஒரே சொல்லைப் போட்டுவிட்டு, தமிழில் எழுதும்போதும் ‘தோலுரித்தல்’ என்றே எல்லாவற்றையும் மொழிபெயர்த்துவிடுகிறார்கள். ‘பறவைகளில் தோலுரித்தல்’ என்று ஒரு பாடத்தில் பார்த்தேன், எனக்கே உரிந்துவிட்டது. நம் பேச்சில் இறகு கொட்டுகிறது, முடி உதிர்கிறது, பாம்பு சட்டை உரிக்கிறது, நண்டு ஓடு கழற்றுகிறது. நாலுக்கும் நாலு வினை. பார்த்தவன் வைத்த சொல்.

#17 நண்டுப்பிடி

பேனா ஐயா சொல்வதில் விஷயம் இருக்கிறது. நான் நண்டு வளர்ப்பில் இருப்பவன். எங்கள் நண்டுக்கும் இவர்கள் புறாவுக்கும் சொல்தான் ஒன்று, தொழில் வேறு. நண்டுக்கு ஓடு வளராது. உள்ளே சதை வளர இடமில்லை. ஆகவே ஓட்டைக் கழற்றினால்தான் பெரிதாக முடியும். பாம்புக்கு இல்லை என்று அந்த அம்மா சொன்ன காரணம் நண்டுக்குத்தான் பொருந்தும்.

ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். முதலில் புது ஓடு பழசுக்கு அடியிலேயே மெத்தென்று உருவாகிவிடும். நீச்சல் காலின் ஓரத்தில் ஒரு கோடு தெரியும், அதை வைத்து இன்னும் எத்தனை நாள் என்று சொல்வோம். நேரம் வந்ததும் தண்ணீரை இழுத்து உடம்பை ஊதுகிறது. முதுகு ஓட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவில் பின்பக்கம் பிளந்துகொள்ளும். நண்டு முன்னால் வராது, பின்னால் நழுவும். கால், கொடுக்கு எல்லாவற்றையும் உருவிக்கொண்டு வர வேண்டும். கொடுக்கின் பெரிய சதையைச் சின்ன மூட்டு வழியாக இழுக்கும்போது மாட்டிக்கொண்டு செத்துப்போவதும் உண்டு. விட்டுப்போன கூட்டைத் திறந்து பாருங்கள், கண்ணின் மூடி, செவுளின் உறை, இரைப்பைக்குள் இருக்கும் அரைக்கும் பல் வரைக்கும் அதிலேயே இருக்கும். வெளியே வந்த நண்டு ஜெல்லி மாதிரி. மறுபடி தண்ணீர் குடித்து ஊதி, அந்தப் பெரிய அளவிலேயே ஓடு இறுகிவிடும். சதை பிறகுதான் மெதுவாக நிரம்பும். ஆகையால் நண்டு வளர்வது படிப்படியாக இல்லை, படி தாண்டித் தாண்டி.

#18 அரைகுறை

அப்படியானால் எப்போது கழற்ற வேண்டும் என்று நண்டுக்கு யார் சொல்கிறார்கள்? அதற்கும் பகல் நீளமா?

#19 நண்டுப்பிடி

கண்ணில் இருக்கிறது பதில். கண் தண்டில். அங்கே சுரக்கும் ஒன்று ‘பொறு, பொறு’ என்று தடுத்துக்கொண்டே இருக்கும். 1905-லேயே ஸெலெனி என்பவர் கண் தண்டை எடுத்துவிட்டால் சீக்கிரம் கழற்றுகிறது என்று கண்டார். தடை போய்விடுகிறது. இறால் குஞ்சு பொரிப்பகங்களில் முட்டைக்காக இன்றும் கண்ணை நசுக்குகிறார்கள், எனக்கு அது பிடித்த வேலை இல்லை.

#20 பட்டுநூல்

நீண்ட நாள் வாசகன், முதல் பதிவு. தடையைச் சொன்னீர்கள், கட்டளையைச் சொல்கிறேன். கழற்று என்று சொல்லும் ஹார்மோனின் பெயர் எக்டைசோன். போலந்தின் கோபெச் 1917 வாக்கில் அந்துப்பூச்சியின் புழுவை நூலால் இறுக்கிக் கட்டிப் பார்த்தார். மூளை இருக்கும் பாதியிலிருந்து ஏதோ ரத்தம் வழியாகப் போகாவிட்டால் பின்பாதி கூட்டுப்புழு ஆகவில்லை. பூச்சியின் மூளையே சுரப்பி வேலை செய்கிறது என்று முதலில் சொன்னவர் அவர்தான். பிறகு விகிள்ஸ்வொர்த் 1930-களில் ரத்தம் குடிக்கும் ஒரு மூட்டைப்பூச்சி உறவின் தலையைக் கொய்து பார்த்தார். சாப்பிட்டுச் சில நாள் கழித்துத் தலையை எடுத்தால் தலை இல்லாமலே தோலுரிக்கிறது, சீக்கிரமே எடுத்தால் உரிப்பதில்லை. கட்டளை அதற்குள் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பதுதான் வித்தியாசம்.

அந்தக் கட்டளையைக் கையில் பிடிக்க 1954 வரை ஆனது. புட்டனான்ட், கார்ல்சன் இருவரும் 500 கிலோ பட்டுப்புழுக் கூட்டுப்புழுவை அரைத்துக் காய்ச்சி எடுத்தது 25 மில்லிகிராம். ஒரு சிட்டிகைகூட இல்லை. பட்டுப்புழு நாலு முறை தோலுரிக்கும், ஒவ்வொரு முறையும் சாப்பாட்டை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கியபடி அசையாமல் நிற்கும். அந்த நிலையில் பார்க்கும்போதெல்லாம் அந்த 500 கிலோ எனக்கு ஞாபகம் வரும்.

#21 கூண்டுக்காரன்

எல்லோரும் எங்கெங்கோ போய்விட்டீர்கள், படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் என் கையில் அந்த இரண்டு இறகும் இன்னும் இருக்கின்றன. தூக்கிப்போட மனசு இல்லை. ஒன்றை விளக்குக்கு எதிரே சாய்த்துப் பிடித்தால் குறுக்கே வெளிச்சமும் நிழலுமாகக் கோடு கோடாகத் தெரிகிறது. இது அழுக்கா?

#22 வளையக்காரி

அழுக்கு இல்லை! அதுதான் இறகின் நாட்குறிப்பு. ஒரு வெளிர்ப் பட்டையும் ஒரு அடர் பட்டையும் சேர்ந்தால் 24 மணி நேர வளர்ச்சி. பகலில் வளர்ந்தது ஒன்று, இரவில் வளர்ந்தது ஒன்று. 1989-ல் தாமஸ் க்ரப் இதை வைத்து ஒரு முறையே உருவாக்கினார். பட்டை அகலமாக இருந்தால் அந்த நாட்களில் பறவைக்கு நல்ல தீனி, ஒடுங்கியிருந்தால் பஞ்சம். மர வளையத்தை எண்ணி வறட்சி ஆண்டைச் சொல்வது போல.

அடிமட்டம் எடுங்கள். நடுப்பகுதியில் பத்து ஜோடிப் பட்டையைக் குண்டூசியால் குறித்து மொத்தமாக அளந்து பத்தால் வகுத்துவிடுங்கள். ஒரு பட்டையை அளந்தால் தப்பு வரும். மொத்த நீளத்தையும் சொல்லுங்கள். ஏதாவது ஒரு இடத்தில் கோடு மட்டும் கண்ணாடி மாதிரி மெலிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். நுனிதான் முதலில் வளர்ந்தது, அடி கடைசியில், அதை மறக்க வேண்டாம்.

#23 கூண்டுக்காரன்

பத்துப் பட்டை 40 மில்லிமீட்டர். அதாவது ஒரு நாளைக்கு 4. இறகின் நீளம் 128. அப்படியானால் 32 நாள் வளர்ந்திருக்கிறது. நுனியிலிருந்து 80 மில்லிமீட்டரில் மெல்லிசாக ஒரு கோடு, இழைகளே இல்லாத மாதிரி. இரண்டு இறகிலும் அதே இடத்தில்.

80-ஐ 4-ஆல் வகுத்தால் இருபதாவது நாள். போன வருடம் இந்த இறகு முளைத்த காலத்தில்தான் ஒரு இரவு கூண்டுக்குள் பூனை கையை விட்டது. ஒரு பெட்டையை இழந்தேன். அதுதானா?

#24 வளையக்காரி

அதேதான் என்று சத்தியம் செய்ய முடியாது. தீனிக் குறைவும் அப்படிக் கோடு போடும், கையில் பிடித்து மிரட்டினாலும் போடும். ஆனால் இரண்டு பக்கமும் ஒரே இடம் என்றால் உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் ஏதோ நடந்திருக்கிறது. திடீர் அதிர்ச்சியில் இப்படிப் பலவீனக் கோடு விழுவது தெரிந்த விஷயம்தான். உங்கள் 32 நாளோடு ஒரு சில நாள் கூட்டிக்கொள்ளுங்கள், வெளியே தெரியும் முன் தோலுக்குள் இருந்த நாள் பட்டையில் வராது.

வளர்ந்து முடிந்த இறகு செத்த பொருள், ரத்தத் தொடர்பு அறுந்துவிடும். அதனால் வளர்ந்த நாட்களில் உள்ளே போனது அப்படியே பூட்டப்பட்டுவிடும். இதன் பலனை ஆராய்ச்சியாளர்கள் நிறைய அறுவடை செய்திருக்கிறார்கள். ஸ்வீடனில் அருங்காட்சியகங்களில் இருந்த பழைய வல்லூறு இறகுகளைச் சோதித்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் ஒரே சீராக இருந்த பாதரசம் 1940-களுக்குப் பிறகு பல மடங்கு ஏறியிருந்தது. விதைநேர்த்திக்குப் பாதரசச் சேர்மம் தொடங்கிய காலம் அது. விதையைத் தின்ற பறவையைத் தின்ற வல்லூறு. முடிவுகள் 1966-ல் வந்தன. அதேபோல மழைநீரில் உள்ள கன ஹைட்ரஜனின் (சாதாரண ஹைட்ரஜனைவிட எடை கூடிய வகை) அளவு இடத்துக்கு இடம் மாறும், அது தீனி வழியாக இறகில் பதியும். 1997-ல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இதைக் காட்டின. குளிர்காலத்தில் பிடித்த ஒரு வலசைப் பறவையின் ஒரு சின்ன இறகைக் கொண்டு அது எந்த அட்சரேகையில் பிறந்தது என்று சொல்லலாம். வளையம் போட்டு மறுபடி பிடிபடுமா என்று பத்து வருடம் காத்திருப்பவர்களுக்கு இதைக் கேட்டுக் கொஞ்சம் பொறாமைதான் வந்தது.

#25 பழையபேனா

ஒரு ஐயம். புறா நாளைக்கு 4 மில்லிமீட்டர் என்றால் பெரிய பறவைக்கு வேகமும் பெரிதாக இருக்குமே, அப்புறம் கழுகு ஏன் ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது?

#26 வளையக்காரி

சரியான கேள்வி ஐயா. ரோவரும் கூட்டாளிகளும் 2009-ல் பல இனங்களை ஒப்பிட்டு இதைத்தான் கண்டார்கள். பறவையின் எடை பத்து மடங்கானால் இறகின் நீளம் இரண்டு மடங்குக்கு மேல் கூடுகிறது, வளரும் வேகமோ ஒன்றரை மடங்குதான். உடம்பு பெருக்கப் பெருக்கக் கடன் ஏறிக்கொண்டே போகும். அதனால்தான் சிட்டுக்குருவி சில மாதத்தில் முடிப்பதைப் பெரிய பறவை ஒரே வருடத்தில் முடிக்க முடியவில்லை. லேசன் ஆல்பட்ரோஸ் என்ற பெரிய கடற்பறவை சில ஆண்டுகளில் முட்டையே இடாமல் விட்டுவிடுகிறது. தேய்ந்த இறகை மாற்ற நேரம் இல்லாமல் போனால் குஞ்சுக்குத் தீனி தேடி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறக்க முடியாது. குஞ்சா, இறகா என்று வருடா வருடம் ஒரு தேர்வு.

அவசரப்பட்டாலும் தண்டனை உண்டு. அலிஸ்டர் டாசனும் மற்றவர்களும் 2000-ல் ஐரோப்பிய ஸ்டார்லிங்குகளில் ஒரு பகுதிக்குப் பகல் சீக்கிரம் குறுகுவது போல் காட்டினார்கள். பருவம் முடியப்போகிறது என்று நினைத்த பறவைகள் வேகமாக முடித்தன. ஆனால் வந்த இறகுகள் எடை குறைவு, உறுதி குறைவு, சீக்கிரம் தேய்ந்தன. தாமதமாகக் குஞ்சு பொரித்த பறவைக்கு அடுத்த ஆண்டு ஏன் கஷ்டம் என்பதற்கு இது ஒரு விடை.

#27 சட்டைக்காரி

கடலில் இருக்கும் சிலவும் இதற்காகவே பயணம் போகின்றன, தெரியுமா? அண்டார்டிகாவின் ஓர்க்கா திமிங்கிலங்களின் உடம்பில் ஒருவகைப் பாசி மஞ்சளாகப் படியும். குளிர் நீரில் தோலுக்கு ரத்தம் விட்டால் சூடு போய்விடும், ஆகவே தோலைப் புதுப்பிக்காமல் தள்ளிப் போடுகின்றன. 2012-ல் வெளியான ஆய்வில் செயற்கைக்கோள் கருவி பொருத்திய ஒன்று வெப்பக் கடலுக்குப் போய்த் திரும்பியது 9,400 கிலோமீட்டர், 42 நாளில். அங்கே தங்கவும் இல்லை, குட்டி போடவும் இல்லை. தோல் மாற்றத்தான் போகின்றன என்பது ஆய்வாளர் கணிப்பு. அரைகுறை அண்ணனின் கழுகுக்குப் பதில் இதைக் குடும்பக் குழுவில் போடலாம்.

#28 அரைகுறை

போட்டுவிட்டேன். கூடவே பனிப்பிரதேச முயலையும் போட்டேன், அது நானே தேடிப் படித்தது. ஸ்னோஷூ முயல் குளிருக்கு வெள்ளை, கோடைக்குப் பழுப்பு என்று முடி மாற்றுகிறது. பகல் நீளம் பார்த்துத்தான் மாற்றுகிறது, பனி பார்த்து இல்லை. பனி தாமதமானால் பழுப்பு மண்ணில் வெள்ளை முயல், வேட்டை விலங்குக்கு விளக்குப் போட்ட மாதிரி. 2016-ல் வந்த கணக்கின்படி இப்படி நிறம் பொருந்தாத முயலின் வாராந்தரப் பிழைப்பு விகிதம் 7 சதவீதம் வரை குறைகிறது. வாரத்துக்கு வாரம் என்பதால் சேர்ந்தால் பெரிசு. பனி குறைவான பகுதிகளில் சில முயல்கள் குளிரிலும் பழுப்பாகவே இருக்கின்றன, அந்த மரபணு வேறொரு முயல் இனத்திடமிருந்து கலப்பில் வந்தது என்று 2018-ல் கண்டிருக்கிறார்கள்.

பார்த்தீர்களா, பெயர்தான் அரைகுறை.

#29 வளையக்காரி

முழுசாகிவிட்டீர்கள்.

#30 கூண்டுக்காரன்

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். இன்று காலை ஆறாவது விழுந்தது. இடது காலையில், வலது மதியம் தண்ணீர் வைக்கப் போனபோது என் கண்ணெதிரே. நாலாவது முடிந்துவிட்டது, உறை இல்லை. ஐந்தாவது மூன்றில் இரண்டு பங்கை இன்னும் தொடவில்லை. 24 என்று போட்டிருக்கிறேன், சரிதானா?

கூண்டுக்கு இரட்டைக் கம்பிவலை அடித்துவிட்டேன். ஐந்தாவது முழுசாக வளர்ந்ததும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும், இந்த முறை கோடு இல்லாமல் வருகிறதா என்று.

#31 வளையக்காரி

24 சரி. பிடிக்கும்போது மெதுவாகப் பிடியுங்கள், இல்லாவிட்டால் நீங்களே ஒரு கோடு போட்டுவிடுவீர்கள்.